கிராணியின் வாழையும் என் இரட்டை டிரெய்லரும்

1

நேற்று டவுனுக்குப் போய் என் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். அதை வாங்கி ஒரு வருடம் ஓடிவிட்டது. கவுன்டரில் இருந்த சீனக் குமாஸ்தா தலை நிமிராமலே மலாய் மொழியில் "என்ன வேலை?" என்று கேட்டார். என் வாய் தானாக "தொங்கான்" என்றது. இங்கே சரக்குப் படகுக்குத் தொங்கான் என்று பெயர். இருபது வருடம் அதிலேயே கிடந்தவனின் வாய், சொன்னால் கேட்குமா?

குமாஸ்தா நிமிர்ந்தார். லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லோரிக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஆற்றிலா ஓட்டுகிறாய்?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய முனுசாமியாக இருந்தால் காது சிவந்து, லைசென்ஸையும் அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பான். நேற்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "ரோட்டில்தான் ஐயா. லோரிக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர் வேறு" என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர் "இரண்டா?" என்றார். அந்த "இரண்டா?"வைக் காதில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் மிதந்து வந்த மாதிரி இருந்தது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு வண்டி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் தலைவண்டி. எஞ்சினும் டிரைவரும் அதில். அதன் முதுகில் ஒரு நீள டிரெய்லர் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த டிரெய்லரின் வாலில் கொக்கி போட்டு இன்னொரு டிரெய்லர். பொன்னேரி கடைத்தெருவின் ஒரு கோடியில் நான் ஆரன் அடித்தால், மறுகோடியில் என் கடைசிச் சக்கரம் நிற்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஓட்டுகிறவன் கூட்டிச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

2

நான் பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே கால்வாய்க்கரையில் பிறந்தவன். எட்டாவது வரை படித்தேன். அதற்கப்புறம் நைனாவோடு படகு வேலை. படகுகள் பழவேற்காட்டு மரைக்காயர் ஒருவருடையவை. கிளிஞ்சலும் விறகும் ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குப் போவோம். காற்று இருந்தால் பாய் விரிப்போம். இல்லையென்றால் கரையில் இறங்கி, தோளில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நைனா கயிறு பிடிப்பார். நான் பின்னால் சுக்கான் பிடிப்பேன்.

சுக்கான் பிடிக்கிறவனுக்கு நைனா சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். வளைவு வந்தால் கரையிலிருந்து கத்துவார்: "டேய், மூக்க உள்கரையோட ஒரசிக்கினு போடா! வாலு தானா வெளிய ஒதுங்கும்." படகு அப்படித்தான் திரும்பும். முன்பக்கம் உள்ளே போனால் பின்பக்கம் வெளியே வீசும். அதனால் உள்கரையை ஒட்டியே வளைய வேண்டும். இந்தப் பாடம் என் கையிலும் தோளிலும் ஊறிப்போய்விட்டது. பின்னால் அது என்ன பாடுபடுத்தியது என்று சொல்கிறேன்.

இன்னொரு வேலையும் சுக்கான்காரனுக்கு உண்டு. எதிரே படகு வந்தால் குரல் கொடுக்க வேண்டும். எனக்குக் குரல் வராது. ஆள் யார், பெரியவரா, ஏதாவது நினைத்துக்கொள்வாரா என்று யோசிப்பதற்குள் எதிர்ப் படகு மூக்கோடு மூக்கு வந்து நிற்கும். "இன்னாடா, உன் கொரலு தொண்டையிலயே குடித்தனம் பண்ணுதா?" என்பார் நைனா.

அந்தக் கால்வாயை நினைத்து நான் ஏங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கொசுவும் சேறும் தோள்பட்டைக் காய்ப்பும் யாருக்கு வேண்டும்? மலாயாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கப்பலேறினேன். இங்கே கடலோரச் செம்பனைத் தோட்டத்தில் பேரைப் பதியும்போது, என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். படகு என்றேன். மறுபடியும் என்னைக் கொண்டுபோய் ஆற்றில்தான் விட்டார்கள். பனங்குலைகளைத் தொங்கானில் ஏற்றி, ஆற்றோடு போய் எண்ணெய் ஆலையில் இறக்க வேண்டும். இருபது வருடம் அப்படியே போயிற்று.

3

ஆறு மண்ணடித்துத் தூர்ந்துகொண்டே வந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது பேர் கூப்பிடும் இடத்தில், மேனேஜர் துரை ஏதோ இங்கிலீஷில் பேசினார். எங்கள் தோட்டத்துக் கிராணி தமிழில் சொன்னார். கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர். "தொங்கான் நின்னு போச்சு. செம்மண் ரோடு போட்டாச்சு. ரெட்டை டிரெய்லர் வண்டி வந்திருக்கு. தொங்கான் ஆளுங்கள்ல யாரு அதை ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்குறானோ அவன் இங்கயே இருக்கலாம். மத்தவங்க மலையடிவாரத்து உள்தோட்டத்துக்குக் குலை வெட்டப் போகணும்."

எனக்குக் குலை வெட்டுவதில் பயமில்லை. பயம் லோகநாயகியைப் பற்றித்தான். எங்களுக்கு ஒரே பெண் அவள். பதிமூன்று வயது. டவுனில் பெண்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத் தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். உள்தோட்டத்தில் ஆறாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது, டவுனுக்குப் பஸ்ஸும் கிடையாது. போனால் அவள் படிப்பு அன்றோடு சரி. அம்மாவோடு உதிரிப்பழம் பொறுக்க வேண்டியதுதான்.

என் மனைவி பச்சையம்மாள் கடம்பத்தூர்க்காரி. நான் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது கட்டி அழைத்து வந்தேன். அன்று சாயந்திரம் அவள் சட்டியை இறக்கிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைக்குப் போயி பேரு குடு மாமா."

"நாப்பத்தஞ்சு வயசு ஆவுது பச்ச. இப்பப் போயி லாரி கத்துக்கினா சிரிக்க மாட்டாங்களா?"

"உன் வயசு லாரிக்குத் தெரியுமா? நீ சொன்னாத்தான தெரியும்? நீதான் எவங்கிட்டயும் வாயே தொறக்க மாட்டியே!"

மறுநாள் ஆபீஸ் வாசலில் பத்து நிமிடம் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு நின்றேன். பச்சையம்மாள் பின்னாலேயே வந்திருக்கிறாள். முதுகில் ஒரு தள்ளு. கிராணியின் மேஜை முன்னால் போய் நின்றேன். தொங்கான் ஆட்களில் கடைசியில் பேர் கொடுத்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

லைசென்ஸ் ஆபீஸ் கதை தனிக் கதை. பிறந்த தேதி கேட்டார்கள். கால்வாயில் வெள்ளம் வந்து, மரைக்காயரின் பெரிய படகு வயலில் ஏறி நின்ற வருடம் என்று நைனா சொல்லியிருக்கிறார் என்றேன். எழுதுகிறவருக்குப் பொறுமை போய், ஜனவரி முதல் தேதி என்று போட்டுவிட்டார். இங்கே எங்கள் வயதுக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்த நாள். வருடப் பிறப்பன்று தோட்டம் முழுக்க ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கேலி செய்துகொள்வோம்.

4

எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் யூசுப் என்கிற மலாய்க்காரன். என் வயதில் பாதிதான் இருப்பான். பட்டாளத்து லாரி ஓட்டியவன். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் இறங்கிப் பார்ப்பான்.

முதலில் தலைவண்டியை மட்டும் ஓட்டினேன். கியர் மாற்றும்போது அது போட்ட சத்தத்தைக் கேட்டுக் காக்கைகள் எழும்பின. ஒரு வாரத்தில் காக்கைகள் பழகிவிட்டன. பிறகு டிரெய்லர்கள் இரண்டையும் மாட்டிவிட்டான். நேர் ரோட்டில் ராஜா மாதிரி போனேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு தெருவே நகர்ந்து வருகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. திருவிழாவில் ராட்டினம் மேலே ஏறும்போது வயிற்றில் ஒன்று வருமே, அது.

ஆலைக்குத் திரும்பும் வளைவு வந்தது. அந்த முனையில்தான் கிராணியின் வீடு. வேலி ஓரமாகப் பூவன் வாழை வரிசையாக வைத்திருந்தார். நான் என்ன செய்தேன்? கை பழகிய பழக்கம். மூக்கை உள்கரையோடு உரசிக்கொண்டு வளைத்தேன். வால் வெளியே ஒதுங்கும் என்று நம்பி ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தேன்.

டிரெய்லருக்கு அந்தப் பாடம் தெரியவில்லை. தலை திரும்பினால் அது உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முதல் டிரெய்லர் உள்ளே வந்தது. இரண்டாவது அதற்கும் உள்ளே வந்தது. வேலி படுத்தது. இரண்டு வாழை மரம் குலையோடு சாய்ந்தது.

யூசுப் வழக்கம்போல் சிரித்தான். கிராணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏய்யா முனுசாமி, என் வாழை உன்னை என்னய்யா பண்ணுச்சு?"

யூசுப்தான் பதில் சொன்னான். "அவரு ஒண்ணும் பண்ணல சார். தலை நல்லா போச்சு. வாலுதான் கெட்ட புத்தி."

சாய்ந்த மரத்தைக் கிராணி எங்களையே எடுத்துப்போகச் சொன்னார். அன்று வீட்டில் வாழைத்தண்டுப் பொரியல். மறுநாளும் அதே வளைவு. அகலமாகப் போக வேண்டும் என்று மனசுக்குத் தெரிகிறது; தோளுக்குத் தெரியவில்லை. கடைசி நொடியில் அது உள்ளே இழுத்துவிடுகிறது. மறுநாளும் வாழைத்தண்டு. அதற்கு அடுத்த நாள் வாழைப்பூ. லோகு தட்டைப் பார்த்துவிட்டு, "நைனா, நாளைக்காவது பாஸ் பண்ணு. எனக்கு வாய் துவர்க்குது" என்றாள்.

5

வழி கண்டுபிடித்தது பச்சையம்மாள். அவள் கடம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். சரக்கு ரயில் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு நினைப்பு. என் லாரியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். தோட்டத்தில் வேலை முடிந்து வந்தவள், ரோட்டோரம் நின்று நான் வளைப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"யோவ், நீ முன்னாடியே பாத்துக்கினு ஓட்டுற."

"பின்ன, முதுவுலயா கண்ணு இருக்குது?"

"கண்ணாடி எதுக்குக் குடுத்துக்கீறான்? மொகம் பாத்து பவுடர் பூசவா? எங்க ஊர்ல கூட்ஸ் போச்சுன்னா, கடைசிப் பெட்டில செவப்பு வெளக்கு இருக்குதான்னுதான் பாப்பாங்க. அது இருந்தா வண்டி முழுசா வருதுன்னு அர்த்தம். நீ அதப் பாரு. மூக்கு எங்கியாவது போவட்டும்."

ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, இரண்டாவது டிரெய்லரின் கடைசி மூலையில், கம்பி கட்டி நீட்டிவிட்டாள். மறுநாள் வளைவு வந்ததும் யூசுப், "அண்ணே, பெலான், பெலான்" என்றான். மெதுவாக என்று அர்த்தம். நான் எதிர்ப்பக்கத்துச் சாக்கடை வரை தலைவண்டியைக் கொண்டுபோனேன். போக வேண்டிய இடத்தை விட்டு விலகிப் போவது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா? பார்க்கிறவன் எல்லாம் இவனுக்கு வழி தெரியவில்லை என்று நினைப்பானே என்று கூசியது. பிறகு திருப்பினேன். கண்ணாடியில் சிவப்புத் துணியை மட்டும் பார்த்தேன். அது ஆடிக்கொண்டே வந்தது. கிராணியின் வேலி ஓரமாக வந்தது. வாழை இலையைத் தொட்டும் தொடாமலும் வந்தது. வந்தே விட்டது!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. யூசுப் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் முதுகில் அடித்தான். அப்புறம் என் கையைப் பிடித்து ஆரனில் வைத்து அழுத்தினான். "கூப்பிடுங்க அண்ணே, எல்லாரையும் கூப்பிடுங்க!" ஆரன் ஊரைக் கூட்டியது. யாரும் என்னிடம் யார் நீ என்று கேட்கவில்லை. வழியில் நின்ற மாடு, சைக்கிள், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எல்லாரும் ஒதுங்கினார்கள். தொண்டையிலேயே குடித்தனம் பண்ணிய குரல் அன்றைக்கு வாடகையை முடித்துக்கொண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம், தேவையில்லாத இடத்திலெல்லாம் ஆரன் அடித்தேன். மேனேஜர் துரை ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான் குறைத்தேன்.

பின்னால் எடுப்பதற்கு இங்கே எல்லாரும் "கோஸ்தான்" என்பார்கள். கப்பல்காரர்களிடமிருந்து வந்த வார்த்தை என்றான் யூசுப். ஒற்றை டிரெய்லரை மாட்டிக்கொண்டு முதன்முதலில் கோஸ்தான் எடுத்தபோது அவன் வாயைப் பிளந்தான். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடது பக்கம் போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதில்தான் குழம்புவார்களாம். எனக்கு அது சுக்கான். கட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் போகும். நான் கண்ணை மூடிக்கொண்டு கொட்டகைக்குள் விட்டேன். "அண்ணே, நீங்க பின்னாலயே ஓட்டி லைசென்ஸ் வாங்கலாம்" என்றான்.

ஆனால் இரண்டையும் மாட்டிவிட்டால் கதை வேறு. ஒன்று இடது பக்கம் போனால் அதன் வாலில் இருப்பது வலது பக்கம் போகும். நான்கு அடி போவதற்குள் மூன்றும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். யூசுப்புக்கே வராது. "எனக்கும் தெரியாது அண்ணே. டெஸ்ட்ல கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கலாம். நீங்க உங்க சாமிய கேளுங்க, நான் அல்லாவ கேக்குறேன்." சாமி இரண்டு பேரையும் கேட்டோம்.

6

லோகுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் என்னை நைனா என்பாள். டவுன் பஸ் ஸ்டாண்டில், கூடப் படிக்கிற பெண்கள் இருந்தால் "டாடி" என்பாள். முதல் தடவை கேட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயில் தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒரே சட்டியில் வேகும். பச்சையம்மாள் அவளை "நாஷ்டா துன்னுட்டுப் போடி" என்றால், "மம்மி, துன்னுன்னு சொல்லாதீங்க, டீச்சர் சாப்பிடுன்னு சொல்லணும்னாங்க" என்பாள். "உன் டீச்சரு துன்னாம சாப்ட்டே வளந்தாளாமா?" என்று அம்மாக்காரி திருப்பிக் கேட்பாள்.

லோகு எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விலகிப் போகட்டும் என்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். போய்ச் சேராமல் நடுவழியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வளைவு பழகிவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பச்சையம்மாள் மட்டும் சாமானையெல்லாம் கோணிகளில் கட்டி வைத்தாள். "பாஸானா பிரிச்சிக்கலாம். ஆவலன்னா லாரில ஏத்திடலாம். எப்படியும் வேல மிச்சம்" என்றாள். குரலில் நடுக்கமில்லை. ஆனால் உப்பு ஜாடியைத் தேடியபோதுதான் அதையும் கட்டிவிட்டது தெரிந்தது. நான்கு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டோம்.

7

டெஸ்ட் எடுக்க வந்த இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வாயில் சுருட்டு. எங்கள் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் பாதிப் பேர் ரோட்டோரம் கூடிவிட்டார்கள். கிராணி குடையைப் பிடித்துக்கொண்டு தம் வாழைகளுக்கு முன்னால் காவல் நின்றார். யூசுப் ஆலை முற்றத்து மரத்தடியில் நின்று வேண்டிக்கொண்டிருந்தான்.

நேர் ரோடு நன்றாகப் போயிற்று. வளைவும் போயிற்று. சிவப்புத் துணி கிராணியின் குடைக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். ஆலை முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் இறங்கி நின்றுகொண்டு, சுருட்டால் கொட்டகையைக் காட்டினார்.

"சரி. இப்ப பின்னுக்கு எடும். ரெண்டையும் அந்தக் கொட்டகைக்குள்ள விடும்."

யூசுப்பின் முகம் விழுந்தது. சொன்னால் செய்துதானே ஆக வேண்டும்? மெல்லப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் சிவப்புத் துணி வலப்பக்கம் நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது, காணாமல் போயிற்று. இனி ஒரு அடி போனால் இரண்டு டிரெய்லரும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பிரேக் பிடித்தேன்.

என்ன செய்வது என்று யோசித்த மாதிரி நினைவில்லை. முன்னால் எடுத்து வண்டியை நேராக்கினேன். கீழே இறங்கினேன். இரண்டாவது டிரெய்லருக்குப் போய்க் கட்டை கொடுத்து, கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"என்ன காணும் செய்யிறீர்? நான் பின்னுக்கு எடுக்கச் சொன்னனான். கழட்டச் சொல்லேல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மலாய் மறந்துவிட்டது. ஆபீஸில் பேசுகிற தமிழ் மறந்துவிட்டது. கால்வாய்த் தமிழ்தான் மிச்சம் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணா பின்னால போவாது சார்."

"நான் சொன்னாலுமோ?"

"நீங்க சொன்னாலும் போவாது சார்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சொன்னது எனக்கே கேட்டது. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தினால் அசிங்கம்.

"எங்க ஊரு கால்வாயில லாக்கு இருக்குது சார். தண்ணிய அடைச்சித் தொறக்குற கதவு. ரெண்டு படகு ஜோடியா கட்டிக்கினு வருவோம். லாக்குகிட்ட வந்தா அவுத்துடுவோம். ஒண்ணு ஒண்ணாத்தான் உள்ள போவும். அவசரப்பட்டு ரெண்டையும் ஒண்ணா உட்டா, படகும் போவும், கதவும் போவும். மொதலாளிகிட்ட பேஜாரு. அதான் சார் அவுக்குறேன். இத வெளிய உட்டுட்டு அத மொதல்ல கொட்டாய்ல உடுறேன். அப்பறம் வந்து இத எட்த்துக்கினு போறேன்."

இன்ஸ்பெக்டர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். நான் பேசியதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அவர் பேசியதில் பாதி எனக்கும் புரியவில்லை.

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"இந்தச் சுருட்டு முடியறதுக்குள்ள சார்."

"இது பெரிய சுருட்டு காணும்" என்றார். "எடும் பாப்பம்."

முதல் டிரெய்லரைக் கோஸ்தான் எடுத்துக் கொட்டகைக்குள் விட்டேன். கை தானாகப் போயிற்று. தலைவண்டியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். இரண்டாவதற்கு முன்பக்கம் தாங்க ஒரு தனிச் சக்கரத்தட்டு உண்டு. அதை மாட்டி இழுத்து, வாசலில் நேராக நிறுத்தினேன். அந்தத் தட்டோடு பின்னால் தள்ளினால் அதுவும் மடங்கும். அதனால் டிரெய்லரின் முன்கால்களை இறக்கி நிறுத்தி, தட்டை உருவிவிட்டு, டிரெய்லரைத் தலைவண்டியின் முதுகில் ஏற்றி உள்ளே விட்டேன். யூசுப் ஓடி வந்து கை கொடுக்கப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் சுருட்டைக் காட்டி அவனை நிறுத்தினார். இறங்கி வந்தபோது சுருட்டில் ஒரு விரலளவு மிச்சம் இருந்தது. அவர் அதை மெனக்கெட்டுப் பிடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாரோ என்னவோ.

"உமக்கு லைசென்ஸ் தரலாம்" என்றார். அவர் என்னைச் சோதித்தாரா, இல்லை இரண்டும் ஒன்றாகப் போகும் என்று நிஜமாகவே நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. ஒரே நாளில் எவ்வளவுதான் பேசுவது?

யூசுப் என்னைத் தூக்கிவிட்டான். ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். கிராணி குடையை மடக்கிவிட்டு வந்து, தம் கையாலேயே ஒரு சீப்புப் பூவன்பழம் கொடுத்தார். "இதை நீயா எடுத்துக்கிறதுக்குள்ள நானே குடுத்துடறேன்" என்றார். பச்சையம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"யோவ், ஆபீசருகிட்ட 'நீங்க சொன்னாலும் போவாது'ன்ட்டியே! இவ்ளோ பேச்ச எங்கிய்யா வச்சிருந்த? எங்கிட்ட ஒரு நாளாவது பேசினியா?" என்று தோளில் குத்தினாள்.

8

வீட்டுக்குப் போனதும் கோணிகளைப் பிரித்துப் போட்டோம். காப்பி குடிக்க ஆள் மேல் ஆள் வந்துவிட்டார்கள். டம்ளர் எந்தக் கோணியில் என்று தெரியவில்லை. யூசுப் அரிசி அளக்கும் படியில் காப்பி குடித்தான். இன்னொருவர் குழம்புச் சட்டியில் குடித்தார். வீடு முழுக்கச் சணலும் சிரிப்பும்.

சாயந்திரம் லோகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பஸ்ஸிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. துள்ளிக் குதித்து வருவாள் என்று வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே கிடந்த சாமானைப் பார்த்தாள். பையைத் தொப்பென்று போட்டுவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா? பாஸ் பண்ணிட்டேன். நாம எங்கியும் போவப் போறதில்ல."

"தெரியும்!" என்றாள். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் நைனா. இன்னைக்குத்தான் கடைசின்னு சொல்லிட்டேன். டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லாரும் அழுதாங்க. இதெல்லாம் குடுத்தாங்க." பையைத் திறந்து கவிழ்த்தாள். ரிப்பன்கள், ஒரு பென்சில், சின்னக் கண்ணாடி, பாதி கரைந்த சாக்லேட், தலையில் குத்துகிற கிளிப்பு. "நாளைக்கு எந்த மூஞ்ச வச்சிக்கினு போவேன்?"

ஆத்திரத்தில் அவளுக்கு "வச்சிக்கினு" என்று வந்துவிட்டது. அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அப்போது சொல்லவில்லை.

பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப உங்க நைனா பாஸாவ மாட்டாருன்னே முடிவு கட்டிக்கினியா?"

"ஆமா! அவர் வாயே தொறக்க மாட்டாரே! ஆபீசர் முன்னால நின்னா பேரைக்கூடச் சொல்ல மாட்டார்னு நெனச்சேன்!"

பச்சையம்மாள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. கோணி மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் லோகுவும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அந்தச் சாக்லேட்டை மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். திருப்பிக் கொடுக்க வேண்டியதில் ஒன்றாவது குறையட்டும் என்று.

மறுநாள் காலை, மற்றதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பஸ் ஏறினாள். நான் அன்றைக்கு மூன்று நடை ஓட்டினேன். மூன்று நடையும் அவளைப் பற்றியே நினைப்பு. சாயந்திரம் பஸ் வந்தது. குதித்து இறங்கினாள். கொண்டுபோனது எல்லாம் கையிலேயே இருந்தது. யாரும் திருப்பி வாங்கவில்லையாம். அதோடு புதிதாக ஒரு மஞ்சள் ரிப்பன்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"போகாம இருந்ததுக்காம்" என்றாள்.